ஒரே சொற்கள், இரண்டு வரிசைகள்: யூனிகோடு உரையை ஒப்பிடும்போது கொலேஷன் என்ன செய்கிறது?

பதிவு 1 | தொகுப்பாளர்

வணக்கம். ஒரு வாரமாக என்னை அலைக்கழித்த சிக்கலை இங்கே வைக்கிறேன். என்னிடம் ஒரு பெரிய சொற்பட்டியல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதையே இன்னொருவர் திருத்திக் கொடுத்த படி, வெறும் உரைக்கோப்பாக இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான சொற்கள் எவை, ஒன்றில் மட்டும் உள்ளவை எவை என்று பிரித்தெடுக்க வேண்டும். இரண்டையும் முதலில் வரிசைப்படுத்திக்கொண்டு, இரு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்து, எந்தப் பக்கச் சொல் சிறியதோ அந்தப் பக்க விரலை நகர்த்திக்கொண்டே போகும் வழக்கமான முறையைத்தான் கையாண்டேன்.

தரவுத்தளப் பட்டியலை, ஐசியூ என்ற யூனிகோடு நூலகம் வழங்கும் தமிழ் கொலேஷனில், அதாவது தமிழுக்கான வரிசை விதியில், வரிசைப்படுத்தி எடுத்தேன். கோப்பைப் பைத்தான் நிரல்மொழியில் வரிசைப்படுத்தினேன். ஒப்பிடும் நிரலும் பைத்தானில்தான் இருந்தது. நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடி முடிந்தது. ஆனால் இரண்டு பட்டியலிலும் கண்ணெதிரே இருக்கும் ‘படம்’ என்ற சொல்லை, ஒன்றில் மட்டும் இருப்பதாக அறிக்கை சொன்னது. அப்படிப்பட்ட சொற்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. எழுத்துப்பிழை இல்லை, கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் இல்லை. ஒவ்வொரு குறிக்கும் யூனிகோடு தந்துள்ள எண்ணான குறியெண்களை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றுபோலவே உள்ளன. எங்கே தவறினேன் என்று யாராவது விளக்க முடியுமா?

பதிவு 2 | மொழிக்கருவி நிரலர்

உங்கள் நிரலில் தவறில்லை, தரவிலும் தவறில்லை. ‘சிறியது’ என்ற சொல்லுக்கு இரண்டு பட்டியல்களும் வெவ்வேறு பொருள் கொண்டிருக்கின்றன என்பதே சிக்கல். மூன்றே சொற்களை வைத்து நடந்ததைப் பார்த்துவிடலாம்.

தமிழ் கொலேஷன் தரும் வரிசை: பட்டம், படம், படை. அதில் ‘ட்’ என்ற மெய், ‘ட’ என்ற உயிர்மெய்க்கு முன்னால் நிற்கிறது. பைத்தான் தரும் வரிசை: படம், படை, பட்டம். ஏனென்றால் பைத்தான் மொழியைப் பார்ப்பதில்லை, குறியெண்ணை மட்டும் பார்க்கிறது. முதல் இரண்டு குறிகளான ‘ப’வும் ‘ட’வும் மூன்றிலும் பொதுவானவை. மூன்றாவதாக வருபவை ‘ம’ 2990, ஐகாரக் குறி 3016, புள்ளி 3021. புள்ளியின் எண் மிகப் பெரியது. ஆகவே பட்டம் கடைசிக்குப் போய்விடுகிறது.

இப்போது உங்கள் விரல்களை வையுங்கள். இடப்பக்கம் பட்டம், வலப்பக்கம் படம். நிரல் குறியெண்ணால் ஒப்பிட்டுப் ‘படம்’ சிறியது என்கிறது. எனவே அது இடப்பக்கத்தில் இல்லை என்று எழுதிவிட்டு வல விரலை நகர்த்துகிறது. அடுத்து ‘படை’யும் பட்டத்தைவிடச் சிறியது என்பதால் அதுவும் இல்லை என்றாகிறது. மூன்றாவதாகப் பட்டமும் பட்டமும் பொருந்துகின்றன. அதற்குப் பிறகு இடப்பக்கத்தில் படமும் படையும் துணையின்றி நிற்கின்றன. மூன்று சொற்களும் இரு பக்கமும் இருந்தும் ஒன்றுதான் பொருந்தியது. பிழைச்செய்தி எதுவும் வராது, ஏனென்றால் நிரலின் பார்வையில் பிழையே நடக்கவில்லை. இணைக்கும் முறை சரியாக வேலை செய்ய வேண்டுமானால், இரண்டு பட்டியல்களும் அவற்றை ஒப்பிடும் நிரலும் ஆகிய மூன்றும் ஒரே வரிசை விதியைப் பின்பற்ற வேண்டும். உங்களிடம் இரண்டு ஒரு விதியையும், ஒன்று வேறு விதியையும் பின்பற்றின.

உடனடித் தீர்வு எளிது. தரவுத்தளத்திலிருந்து எடுக்கும்போது ‘சி’ கொலேஷனைக் கேளுங்கள். அது பைட்டுகளை அப்படியே ஒப்பிடும். குறியெண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் பைட் வரிசையும் குறியெண் வரிசையும் ஒன்றே என்பதால், பைத்தானின் வரிசையோடு அது முழுமையாகப் பொருந்தும்.

பதிவு 3 | தொகுப்பாளர்

மிக்க நன்றி. மூன்று சொற்களைக் காகிதத்தில் எழுதி விரல் வைத்துப் பார்த்தபோது முழுதும் விளங்கிவிட்டது. ஆனால் இப்போது வேறொரு கேள்வி எழுகிறது. எழுத்துகளுக்கு யூனிகோடில் எண் கொடுக்கும்போதே தமிழ் அகரவரிசைப்படி கொடுத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது அல்லவா? ‘அவர், அவள், அவன்’ என்று வர வேண்டியது பைத்தானில் ‘அவன், அவர், அவள்’ என்று வருவதையும் இப்போதுதான் கவனித்தேன்.

பதிவு 4 | மொழிக்கருவி நிரலர்

நீங்கள் கவனித்தது சரி. தமிழ்ப் பகுதியின் எழுத்து அமைப்பு, இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக 1988-இல் வகுக்கப்பட்ட இஸ்கி குறியாக்கத்தின் சட்டகத்தைப் பின்பற்றியது. அந்தச் சட்டகத்தில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ வருகிறது, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’ வருகிறது. ஆகவே ‘ன’வின் எண் 2985, ‘ர’வின் எண் 2992, ‘ள’வின் எண் 2995. நம் மரபோ ‘ய ர ல வ ழ ள ற ன’ என்று போகிறது. பலகை, பழமை, பள்ளம், பறை என்று நிற்க வேண்டியவை, குறியெண் வரிசையில் பறை, பலகை, பள்ளம், பழமை என்று கலைந்து நிற்பதும் இதனால்தான்.

ஆனால் எண்களை நம் அகரவரிசைப்படி கொடுத்திருந்தாலும் கேள்வி தீர்ந்திருக்காது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 228 என்ற குறியெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது ‘ஏ’ என்ற இலத்தீன் எழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி இட்ட வடிவம். ஜெர்மன் அகராதியில் அது சாதாரண ஏ-யோடு சேர்ந்தே நிற்கும். ஜெர்மன் பெயர்ப்பட்டியல்களுக்கான மரபில் அது ‘ஏஈ’ என்ற இரண்டெழுத்துபோல் கருதப்படும். ஸ்வீடிஷ் மொழியில் அது தனி எழுத்து. இசட்டுக்கும் பிறகே வரும். எழுத்து ஒன்று, எண் ஒன்று, இடம் மட்டும் மூன்று. ஓர் எண்ணால் மூன்று இடத்தைக் காட்ட முடியாது. ஸ்பானியத்தில் ‘சிஎச்’ இணையும் ‘எல்எல்’ இணையும் தனி எழுத்துகளாக வரிசைப்படுத்தப்பட்டுவந்தன. 1994-இல் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. குறியெண்கள் மாறவில்லை, வரிசை மாறியது.

அதனால்தான் யூனிகோடு, எண்ணையும் வரிசையையும் பிரித்து வைத்தது. எண் என்பது எழுத்தின் அடையாளம் மட்டுமே. வரிசைக்கென்று யூனிகோடு கொலேஷன் அல்காரிதம் தனியாக உள்ளது. அதனோடு எல்லா எழுத்துகளுக்கும் பொதுவான ஓர் அட்டவணையும், மொழிவாரியாக அதை மாற்றியமைக்கும் விதிகளும் உள்ளன. அந்த மொழிவாரி விதிகள் சிஎல்டிஆர் என்ற தரவுத்தொகுப்பில் பராமரிக்கப்படுகின்றன. ஐசியூ நூலகம் அவற்றைத்தான் பயன்படுத்துகிறது. தமிழ் மெய்களின் மரபு வரிசை பொது அட்டவணையிலேயே இருக்கிறது. ஆனால் அந்த அட்டவணையில் புள்ளி, உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் தனிக்குறியாக நிற்கிறது. ‘ட்’ என்பதை ஒரே எழுத்தாகக் கொண்டு ‘ட’வுக்கு முன் நிறுத்துவது தமிழுக்கான விதியின் வேலை. இரண்டு குறிகளைச் சேர்த்து ஒரே எடை கொடுக்கும் இந்த ஏற்பாட்டைச் சுருக்கம் என்கிறார்கள். ஜெர்மன் பெயர்ப்பட்டியலில் நடப்பது இதன் எதிர்த்திசை. ஒரு குறி இரண்டு எடைகளாக விரிகிறது.

பதிவு 5 | புதியவர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். ‘எடை’ என்றால் என்ன? ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்பதைத்தான் வேறு பெயரில் சொல்கிறீர்களா?

பதிவு 6 | மொழிக்கருவி நிரலர்

இல்லை, ஒவ்வோர் எழுத்துக்கும் பல அடுக்கு எண்கள். முதல் அடுக்கு, எது எந்த எழுத்து என்பதைச் சொல்கிறது. இரண்டாம் அடுக்கு, அதன் மேலோ கீழோ உள்ள ஒலிக்குறிகளைச் சொல்கிறது. மூன்றாம் அடுக்கு, பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது போன்ற வேறுபாடுகளைச் சொல்கிறது. அதற்கும் கீழே, நிறுத்தக்குறிகளுக்காக நான்காம் அடுக்கும் உண்டு.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. இந்த அடுக்குகள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படுவதில்லை. முழுச் சொல்லின் முதல் அடுக்கும் ஒப்பிடப்பட்டு, அது முற்றிலும் சமமாக இருந்தால் மட்டுமே முழுச் சொல்லின் இரண்டாம் அடுக்குக்கு ஒப்பீடு இறங்கும். ஆங்கிலத்தில் ‘ரோல்’ என்ற நான்கெழுத்துச் சொல்லை எண்ணுங்கள். அதே சொல்லை ஓ-வின் மேல் கூரைக்குறி இட்டும் எழுதுவார்கள். எஸ் சேர்த்தால் பன்மை. கொலேஷனில் சாதாரண வடிவம் முதலில், கூரைக்குறி வடிவம் அடுத்து, பன்மை கடைசியில் வரும். எழுத்துக்கு எழுத்து முழுமையாக ஒப்பிட்டிருந்தால், இரண்டாவது எழுத்திலேயே கூரைக்குறி பின்தள்ளப்பட்டு, பன்மை அதற்கு முன்னால் நுழைந்திருக்கும். தமிழில் ஏறக்குறைய எல்லா வேறுபாடுகளும் முதல் அடுக்கிலேயே முடிந்துவிடுவதால் நாம் இதை உணர்வது குறைவு.

இந்த அடுக்குகளை ஒரே பைட் சரமாகக் கோத்துத் தருவதுதான் வரிசைச் சாவி. இரண்டு சாவிகளைப் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டாலே கொலேஷன் வரிசை கிடைத்துவிடும். அடிக்கடி ஒப்பிட வேண்டிய பெரிய பட்டியல்களில் இது மிகுந்த நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

பதிவு 7 | இணையச் செயலி நிரலர்

இவ்வளவு சிக்கல் இருக்கிறது என்றால், நான் பல ஆண்டுகளாகப் பின்பற்றும் வழியே சிறந்தது என்று தோன்றுகிறது. தரவுத்தளத்தில் எல்லாவற்றையும் பைனரி வரிசையிலேயே, அதாவது மொழியைப் பாராமல் எண்களை மட்டும் ஒப்பிடும் வரிசையிலேயே, வைத்துவிடுகிறேன். அது வேகமானது, மொழி சாராதது, ஒருபோதும் மாறாதது. பயனருக்குக் காட்டும்போது மட்டும், உலாவியில் இருக்கும் இன்ட்டல் கொலேட்டர் என்ற வரிசைப்படுத்தும் கருவியைக் கொண்டு அவருடைய மொழிக்கேற்ப வரிசைப்படுத்திக்கொள்கிறேன். தரவுத்தளம் ஏன் மொழியறிவு பெற வேண்டும்?

பதிவு 8 | தரவுத்தளப் பராமரிப்பாளர்

முழுப் பட்டியலும் உலாவிக்கு வந்துவிடும்வரை உங்கள் வழி நன்றாகவே வேலை செய்யும். பக்கம் பக்கமாகக் காட்டத் தொடங்கிய கணத்தில் அது உடைந்துவிடும். பக்கத்துக்கு 50 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளம் பைனரி வரிசையில் முதல் 50 சொற்களை எடுத்து அனுப்புகிறது. உலாவி அந்த 50-ஐ மட்டும் தமிழ் வரிசையில் அடுக்குகிறது. ஒவ்வொரு பக்கமும் தனித்துப் பார்க்கும்போது சரியாகத் தோன்றும். ஆனால் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய ‘அம்மா’ எங்கோ பின்னால் இருக்கும், ஏனென்றால் பைனரி வரிசையில் ‘அமைதி’ முதலான சொற்களெல்லாம் அதற்கு முன்னால் நிற்கின்றன. எந்த 50 சொற்கள் என்பதைத் தீர்மானிப்பதே வரிசைதான். அதைத் தீர்மானிப்பது தரவுத்தளம்.

கடைசிச் சொல்லை நினைவில் வைத்து ‘இதைவிடப் பெரியவற்றைக் கொடு’ என்று அடுத்த பக்கம் கேட்கும் முறையில் ஆபத்து இன்னும் அதிகம். உலாவி தன் வரிசையில் கடைசியாக நின்ற சொல்லை அனுப்ப, தரவுத்தளம் வேறு வரிசையில் அதற்குப் பின்னுள்ளவற்றைத் தருமானால், சில சொற்கள் இரண்டு முறை வரும், சில ஒருபோதும் வராது. அங்கே வரிசைப்படுத்தும் கட்டளையும் ‘பெரியது’ என்ற ஒப்பீடும் ஒரே கொலேஷனில் இருக்க வேண்டும். சமமான சொற்கள் வந்தால் அவற்றைப் பிரித்தறிய, பதிவின் அடையாள எண்ணையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

பதிவு 9 | மொழிக்கருவி நிரலர்

‘பைனரி ஒருபோதும் மாறாதது’ என்ற கூற்றுக்கும் ஒரு திருத்தம் தேவை. பைனரி என்பதே ஒன்றல்ல. 65281 என்ற குறியெண்ணில் முழு அகல ஆச்சரியக்குறி இருக்கிறது. 128512 என்ற குறியெண்ணில் ஒரு சிரிப்பு முகம் இருக்கிறது. பைத்தானும் யுடிஎஃப்-8 பைட் ஒப்பீடும் ஆச்சரியக்குறியையே முதலில் வைக்கும், எண் சிறியது என்பதால். ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான வரிசைப்படுத்தலும் ஜாவாவின் சர ஒப்பீடும் யுடிஎஃப்-16 என்ற வேறொரு குறியாக்கத்தின் அலகுகளைப் பார்க்கின்றன. அங்கே சிரிப்பு முகம் இரண்டு அலகுகளாகப் பிரிந்து 55357 என்ற எண்ணோடு தொடங்குகிறது. எனவே அது முன்னால் வந்துவிடுகிறது. உங்கள் சேவையகம் ஒரு மொழியிலும் உலாவி இன்னொன்றிலும் இருந்தால், இருவரும் ‘பைனரி’ என்று சொல்லிக்கொண்டே வேறு வேறு வரிசையில் நிற்கக்கூடும். தமிழ் எழுத்துகள் மட்டும் உள்ள தரவில் இது தலைகாட்டாது. யாரேனும் ஓர் இமோஜியைச் சேர்க்கும் நாளில்தான் தலைகாட்டும். சோதனையில் அகப்படாத பிழைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

பதிவு 10 | இணையச் செயலி நிரலர்

இரண்டு விளக்கங்களையும் ஏற்றுக்கொள்கிறேன். பக்கம் பிரிக்கும் சிக்கல் என் செயலியிலும் உண்டு. பயனர்கள் ‘சொல் காணவில்லை’ என்று எழுதியதை நான் தேடுபொறியின் குறை என்று எண்ணியிருந்தேன். இருந்தாலும் ஒரு கேள்வி. தரவுத்தளத்தின் இயல்பான கொலேஷனையே தமிழாக மாற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

பதிவு 11 | தரவுத்தளப் பராமரிப்பாளர்

அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணத்தை, நானே பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நான் பராமரித்த ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை, புதிய லினக்ஸ் பதிப்பு நிறுவிய கணினிக்கு மாற்றினோம். தரவுக் கோப்புகளை அப்படியே நகலெடுத்தோம்; தரவுத்தளத்தின் பதிப்புகூட மாறவில்லை. சில நாள் கழித்து, தனித்தன்மை கட்டாயமான ஒரு பத்தியில் ஒரே மதிப்பு இரண்டு முறை பதிவாகியிருந்தது. நடக்கவே கூடாத ஒன்று அது.

போஸ்ட்கிரெஸ், தானாக வரிசை விதி வைத்துக்கொள்ளாமல் நெடுங்காலம் இயங்குதளத்தின் சி நூலகத்தையே நம்பி வந்தது. அந்த ஜிலிப்சி நூலகம் 2018-இல் வெளியான 2.28 பதிப்பில் தன் வரிசை அட்டவணைகளைப் பெருமளவில் புதுப்பித்தது. நீங்களே சோதிக்கக்கூடிய அளவுக்கு எளிய சான்று ஒன்று உண்டு. ‘1-1’, ‘11’ என்ற இரண்டு வரிகளை அமெரிக்க ஆங்கில அமைப்பில் வரிசைப்படுத்துங்கள். பழைய நூலகம் இடைக்கோட்டைப் பொருட்படுத்தாமல் ‘11’ஐ முதலில் தரும், புதியது ‘1-1’ஐ முதலில் தரும்.

இன்டெக்ஸ் என்பது வரிசைப்படுத்தி வைத்த ஒரு மரம். தேடும்போது ஒவ்வொரு கிளையிலும் ‘நான் தேடுவது இதைவிடச் சிறியதா, பெரியதா’ என்று கேட்டுக்கொண்டே நூலகம் சொல்லும் திசையில் இறங்குகிறோம். மரம் பழைய விதியில் கட்டப்பட்டது; திசை காட்டுபவரோ புதிய விதியைச் சொல்கிறார். இடப்பக்கம் இருக்கும் மதிப்பைத் தேடி வலப்பக்கம் போய், ‘இல்லை’ என்ற விடையோடு திரும்புகிறோம். ‘இல்லை’ என்ற விடை கிடைத்ததால்தான் அதே மதிப்பை மீண்டும் சேர்க்கத் தரவுத்தளம் அனுமதித்தது. தரவு ஒரு பைட்கூட மாறவில்லை. ஒப்பிடும் விதி மட்டும் மாறியது. அன்று நாங்கள் இரட்டைப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடி நீக்கி, உரைப் பத்திகளின் மேலிருந்த எல்லா இன்டெக்ஸ்களையும் மீண்டும் கட்டினோம். இன்டெக்ஸ் சீராக உள்ளதா என்று சோதிக்கும் ஆம்செக் என்ற நீட்சி போஸ்ட்கிரெஸோடே வருகிறது. அதை முன்பே ஓட்டியிருந்தால் முதல் நாளிலேயே தெரிந்திருக்கும்.

ஐசியூவுக்கு மாறினால் இந்த ஆபத்து அறவே நீங்கிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. யூனிகோடு வளர்ந்துகொண்டே இருப்பதால் ஐசியூவின் அட்டவணைகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கொலேஷனின் பதிப்பைப் போஸ்ட்கிரெஸ் குறித்து வைத்துக்கொண்டு, அது மாறும்போது எச்சரிக்கும் என்பதே நமக்குள்ள பாதுகாப்பு. அந்த எச்சரிக்கையை மறையச் செய்ய ஒரு கட்டளை உண்டு. இன்டெக்ஸை மீண்டும் கட்டாமல் அந்தக் கட்டளையை மட்டும் இயக்குவது, நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பதற்குச் சமம்.

எனவே நான் பின்பற்றுவது இது: தரவுத்தளத்தின் இயல்பு கொலேஷன் ‘சி’ ஆகவே இருக்கட்டும். பயனர் பெயர் போன்ற அடையாளங்கள், குறியீட்டுப் பெயர்கள், கோப்புப் பாதைகள் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். போஸ்ட்கிரெஸ் 17-ஆம் பதிப்பிலிருந்து, இயங்குதளத்தைச் சாராத உள்ளமை கொலேஷனும் கிடைக்கிறது. மனிதர் படிக்கும் பட்டியல் தேவைப்படும் வினவலில் மட்டும் தமிழ் கொலேஷனை வெளிப்படையாகக் கேட்டு, அதற்கென்றே ஒரு தனி இன்டெக்ஸ் கட்டிக்கொள்ளுங்கள். பதிப்பு மாறும் நாளில் எந்த இன்டெக்ஸ்களை மீண்டும் கட்ட வேண்டும் என்ற பட்டியல் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும். முன்னொட்டுத் தேடலும் ‘சி’ கொலேஷன் இன்டெக்ஸில் இயல்பாகவே விரைவாக நடக்கும். மொழிசார் கொலேஷனில் கட்டிய சாதாரண இன்டெக்ஸை, ‘லைக்’ என்ற கட்டளை வழி நடக்கும் அந்தத் தேடல் பயன்படுத்திக்கொள்ளாது.

பதிவு 12 | புதியவர்

அடையாளங்களை ஏன் மொழிசார் கொலேஷனில் ஒப்பிடக் கூடாது என்று கொஞ்சம் விளக்க முடியுமா? பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை அது தானாகவே பார்த்துக்கொள்ளும் அல்லவா?

பதிவு 13 | மொழிக்கருவி நிரலர்

வரிசையில் அருகில் நிற்க வேண்டியவை வேறு, ஒன்றேயாகக் கருதப்பட வேண்டியவை வேறு. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் பழைய பொதுக் கொலேஷன்களில், 65535-க்கு மேல் எண் கொண்ட குறிகள் அனைத்தும் ஒரே எடை பெற்றன. அதாவது எந்த இமோஜியும் எந்த இமோஜிக்கும் சமம். இமோஜியைத் தனித்தன்மைச் சாவியாக வைத்தவர்களுக்கு, இரண்டாவது இமோஜியைச் சேர்க்கும்போதே ‘ஏற்கெனவே உள்ளது’ என்ற பிழை வந்தது. 8.0 பதிப்பில் இயல்பாக வந்த, பெயரில் 0900 என்று தாங்கிய கொலேஷன் இதைச் சரிசெய்தது. ஆனால் அந்த இயல்புக் கொலேஷனும் ஒலிக்குறிகளைப் பொருட்படுத்தாது. முதல் அடுக்கோடு ஒப்பீட்டை நிறுத்திக்கொள்வதால், ஒலிக்குறியால் மட்டும் வேறுபடும் இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிடும். தேடலுக்கு அது வரம். பயனர் பெயருக்கு அது, ஒருவர் கணக்கு இன்னொருவருடையதாகக் கருதப்படும் நிலை.

எழுத்தின் அளவை மாற்றுவதிலும் மொழி நுழையும். துருக்கி மொழியில் புள்ளியுள்ள ஐயும் புள்ளியில்லாத ஐயும் வெவ்வேறு எழுத்துகள். சிறிய ஐயைப் பெரியதாக்கினால் புள்ளியோடேயே பெரியதாகும். ஒரு கட்டளைச்சொல்லைப் பெரிய எழுத்தாக்கி ஒப்பிடும் நிரல், துருக்கி அமைப்பிலுள்ள கணினியில் மட்டும் அந்தச் சொல்லை அடையாளம் காணாமல் போகும். எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் நோகேஸ் கொலேஷன் இந்த வம்புக்கே போவதில்லை. அது 26 ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் அளவு வேறுபாட்டை நீக்குகிறது. குறுகிய ஏற்பாடு என்றாலும், அடையாளங்களுக்கு அதைத்தான் நான் நம்புகிறேன்.

பதிவு 14 | தொகுப்பாளர்

மீண்டும் வருகிறேன். ‘சி’ கொலேஷனில் எடுத்து ஒப்பிட்டபின், பொருந்தாத சொற்கள் மிகவும் குறைந்துவிட்டன. ஆனால் ‘கொடை’, ‘தோட்டம்’ போன்ற சில சொற்கள் இன்னும் பொருந்தவில்லை. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் உள்ளன. இம்முறை குறியெண்களை அச்சிட்டபோது வேறுபாடு தெரிந்தது: என் தரவுத்தளத்தில் ‘கொடை’ நான்கு குறிகள், கோப்பில் ஐந்து குறிகள். வியப்பு என்னவென்றால், தரவுத்தளத்தில் தமிழ் கொலேஷனைக் கொண்டு இரண்டும் சமமா என்று கேட்டாலும் ‘இல்லை’ என்றுதான் சொல்கிறது. கொலேஷன் இதையாவது கண்டுகொள்ள வேண்டாமா?

பதிவு 15 | மொழிக்கருவி நிரலர்

ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு வழியில் எழுதலாம். 3018 என்ற ஒரே குறியாக எழுதலாம். அல்லது எகரக் குறி 3014, அதன்பின் கால் 3006 என்று இரண்டாக எழுதலாம். இவை இரண்டும் முற்றிலும் சமமானவை என்று யூனிகோடே வரையறுக்கிறது. ஓகாரக் குறியும் ஔகாரக் குறியும் அப்படியே. உங்கள் கோப்பைத் திருத்தியவரின் விசைப்பலகை பிரித்து எழுதியிருக்கிறது. சேர்த்து எழுதிய ‘கொடை’ 12 பைட்டுகள். பிரித்து எழுதியது 15 பைட்டுகள்.

கொலேஷன் இதைக் கண்டுகொள்கிறது. இரண்டுக்கும் ஒரே எடைகளைத்தான் தருகிறது. ஆனால் போஸ்ட்கிரெஸ் இயல்பாக, கொலேஷன் ‘சமம்’ என்று சொன்னபிறகும் பைட்டுகளை ஒருமுறை ஒப்பிட்டு, அவை வேறானால் சமமில்லை என்றே தீர்ப்பளிக்கிறது. 12-ஆம் பதிப்பிலிருந்து, கொலேஷனின் சொல்லையே இறுதியாக ஏற்கும் வகைக் கொலேஷனையும் உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் 18-ஆம் பதிப்புக்கு முன் அதில் லைக் தேடல் வேலை செய்யாது. உங்கள் தேவைக்கு அந்த வழி வேண்டாம். இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற வடிவுக்கு, அதாவது இப்படிப்பட்ட குறிகளைச் சேர்த்தே எழுதும் வடிவுக்கு, இயல்பாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். பைத்தானில் யூனிகோடுடேட்டா தொகுதியில் அதற்கான செயற்கூறு இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. உரை உள்ளே நுழையும் வாசலிலேயே இதைச் செய்துவிட்டால், பின்னால் வரும் எவருக்கும் இந்தத் தொல்லை இருக்காது.

இயல்பாக்குதல் தீர்க்காத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளை மறுபடியும் திகைப்பீர்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ‘ள’ என்ற எழுத்தும் சேர்த்துத் தட்டச்சிடுவோர் பலர்; ‘கௌ’வும் ‘கெள’வும் கண்ணுக்கு ஒன்றே, யூனிகோடுக்கு வேறு. காலுக்குப் பதிலாக ‘ர’ தட்டச்சிடுவதும் உண்டு. ‘ஸ்ரீ’யைத் தொடங்கும் எழுத்து ‘ஸ’வாகவும் இருக்கலாம், யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ‘ஶ’வாகவும் இருக்கலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம் பெறும். இவை சமமானவை என்று எந்தத் தரநிலையும் சொல்லவில்லை. இவற்றை எந்தக் கொலேஷனும் உங்களுக்காகச் சேர்த்துவைக்காது.

பதிவு 16 | இணையச் செயலி நிரலர்

இதோடு தொடர்புடைய ஒன்று: ‘அத்தியாயம் 10’ என்பது ‘அத்தியாயம் 2’-க்கு முன்னால் வருவதையும் கொலேஷனிலேயே சரிசெய்ய முடியுமா? நான் இதுவரை எண்களுக்கு முன் பூச்சியங்களைச் சேர்த்துச் சமாளித்து வருகிறேன்.

பதிவு 17 | மொழிக்கருவி நிரலர்

முடியும். இலக்கங்களின் தொடரை ஒரே எண்ணாகக் கொள்ளும் விருப்பம் ஐசியூவில் உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் கொலேட்டருக்கும் ‘நியூமெரிக்’ என்ற விருப்பத்தை மெய் என்று கொடுத்தால் போதும். பூச்சியங்களை எடுத்துவிடலாம். ஆனால் பதிவு 8-இல் சொன்னது இங்கும் பொருந்தும்: தரவுத்தளத்திலும் அதே விருப்பத்தோடு கொலேஷன் உருவாக்காமல் உலாவியில் மட்டும் செய்தால், பக்கங்கள் மீண்டும் கலைந்துவிடும்.

பதிவு 18 | தொகுப்பாளர்

இரண்டு பக்கத்தையும் என்எஃப்சிக்கு மாற்றி, ‘சி’ கொலேஷனில் எடுத்து, பைத்தானில் ஒப்பிட்டு முடித்தேன். ‘கொடை’யும் ‘தோட்டம்’மும் பொருந்திவிட்டன. பிறகு, மீதமிருந்த சொற்களில் எகரக் குறியை அடுத்து ‘ள’ வருபவற்றை மட்டும் தனியே பிரித்தேன். மொழிக்கருவி நிரலர் எச்சரித்ததுபோலவே, கோப்பில் ‘கௌரவம்’ என்ற சொல் ‘கெளரவம்’ என்று பதிவாகியிருந்தது. அதுபோல் இன்னும் பல. இவற்றை நிரலால் மொத்தமாக மாற்றத் துணியவில்லை. ‘கெளுத்தி’ போன்ற சொல்லில் அது உண்மையான ‘ள’ அல்லவா? ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும், வாசகருக்குக் காட்டும் பட்டியலுக்காகத் தமிழ் கொலேஷனில் ஒரே ஓர் இன்டெக்ஸ் கட்டி, அப்போதுள்ள ஐசியூ பதிப்பின் எண்ணையும் திட்டக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறேன்.